கம்ப்யூட்டர் தெரியும், ஆட்சேபணை இல்லை

தொண்ணூற்றொன்பதில் நான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த மறுநாள் என் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "அப்புறம் என்ன, ஆவணியில வச்சுக்கிருவமா?" என்றாள். குழம்பைச் சொல்லவில்லை, என் கல்யாணத்தைச் சொன்னாள். அத்தை என்றால் அய்யாவின் கூடப்பிறந்த அக்கா. அவள் மகன் எனக்கு முறை மாப்பிள்ளை, கமுதிப் பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் பிறந்தபோதே பேசி வைத்த சம்பந்தம் என்று அத்தை சொல்வாள். நான் பிறந்தபோது என்னிடம் யாரும் பேசவில்லை.

எனக்கு அந்த மச்சான்மேல் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. ஏன் கம்ப்யூட்டர் என்று கேட்டால், அது ஒன்றைத்தான் நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. டீச்சர் வேலையைப் பார்த்திருந்தேன்; வெயிலில் பிரேயரில் நிற்க வேண்டும். நர்ஸ் வேலையைப் பார்த்திருந்தேன். ஊசி போட்டுவிட்டுத் திட்டு வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேள்வி. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

வீட்டில் நாலு நாள் சண்டை நடந்தது. நான் சாப்பிடமாட்டேன் என்று இரண்டு வேளை கிடந்து, மூன்றாம் வேளை ஆட்டுக்கறி என்று தெரிந்ததும் எழுந்து வந்தேன். கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "ராம்நாட்டுக் காலேஜில அவ கேக்குற படிப்புக்குச் சீட்டுக் கிடைச்சா, போகட்டும். கிடைக்கலேன்னா வாயை மூடிக்கிட்டு ஆவணியில கழுத்தை நீட்டணும்." அத்தை உடனே சரி என்றாள். எங்கள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை என்பதால் அவளுக்கு அவ்வளவு தைரியம். நானும் சரி என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சீட்டு என்றால் சீட்டு மட்டும் இல்லை, ஆவணிக்குத் தடை உத்தரவு.

இந்த நேரத்தில்தான் அய்யா அந்த போர்டைப் பார்த்தார். அவர் மிளகாய் விவசாயி. மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எதிரே உரக்கடை மாடியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. 'கம்ப்யூட்டர் சர்டிபிகேட் உள்ளவர்களுக்குக் கல்லூரியில் முன்னுரிமை' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள். எந்தக் கல்லூரி, யார் கொடுக்கும் முன்னுரிமை என்பதெல்லாம் எழுத போர்டில் இடம் பத்தவில்லை போலிருக்கிறது. அய்யா அப்படியே மாடி ஏறி, மிளகாய் நெடியோடு உள்ளே போய், அங்கிருந்த கம்ப்யூட்டர் சாரை நாலு தும்மல் தும்மவைத்து, என் பெயரைப் பதிந்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு மாசக் கோர்ஸ். சென்டரில் இரண்டு கம்ப்யூட்டர் உண்டு. ஒன்று பூப்போட்ட துணி போர்த்தி எப்போதும் மூடியே இருக்கும். அது சேர வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. மற்றதுதான் ஓடும், அதுவும் கரண்டு இருந்தால். நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்கு நாலு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் அட்டைதான். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, சார் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கீபோர்டு வரைந்து கொடுத்திருந்தார். அதில் தட்டிப் பழக வேண்டும். எண்டர் பட்டன் மட்டும் என் அட்டையில் இல்லை, ஓரத்தில் இடம் பத்தாமல் விட்டுவிட்டார். அதனால் நிஜக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் நான் எங்கேயும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போவேன். "மூச்சு விடுத்தா, எண்டரைத் தட்டு, எண்டரைத் தட்டு" என்று சார் பின்னால் நின்று கத்துவார்.

ஆனால் ஏசி உண்மை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் நான் என்னதான் படிக்கிறேன் என்று பார்க்க அம்மா வந்தாள். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. "ஏ ஆத்தி!" என்றவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். என் நாலு நிமிஷம் முடிந்தது, மற்றவர்கள் நாலு நிமிஷமும் முடிந்தது, அடுத்த வகுப்பும் வந்துவிட்டது. கிளம்பும்மா என்றால், "நீ போ, நான் இங்கனயே கொஞ்சம் இருந்துட்டு வாரேன்" என்கிறாள். அதற்குப் பிறகு என் படிப்புக்கு அம்மா முழு ஆதரவு.

மே மாசம் ரிசல்ட் வந்தது. ஆயிரத்து இருநூறுக்கு எண்ணூற்றுப் பதினொன்று. மோசமும் இல்லை, மெச்சிக்கொள்ளவும் இல்லை. இந்த மார்க்குக்கு சர்டிபிகேட் இருந்தால்தான் சீட்டு என்று சார் சொல்லிவிட்டார். சர்டிபிகேட் எங்கே என்றால் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார். திங்கட்கிழமை வரும் என்றார், வெள்ளிக்கிழமை வரும் என்றார். காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. தினமும் அய்யா மாடி ஏறுவதும், சார் "வந்துரும்ணே, வந்துரும்" என்பதும், அய்யா இறங்குவதுமாக ஒரு வாரம் போனது.

அய்யாவுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் நிதானமாக வரும். அன்றைக்குச் சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். "சாதிச் சர்டிபிகேட் யாரு குடுக்கா? விஏஓ. வருமானச் சர்டிபிகேட்? விஏஓ. இருப்பிடச் சர்டிபிகேட், வாரிசுச் சர்டிபிகேட்? எல்லாத்துக்கும் முதல் கையெழுத்து விஏஓதான. அப்ப கம்ப்யூட்டர் சர்டிபிகேட் மட்டும் உரக்கடை மாடியில இருக்கிறவன் எப்படிக் குடுப்பான்? கவர்மெண்டு சீல் அவன்கிட்ட இருக்கா?"

"அய்யா, அது வேற இது வேற" என்றேன்.

"எது வேற? சர்டிபிகேட்டுன்னா சர்டிபிகேட்டுதான்."

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஒருத்தன் இன்னான் என்பதை அவன் சொன்னால் செல்லாது, விஏஓ சொன்னால்தான் செல்லும். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் எதற்கும் முடியாது என்று சொல்லி அறியாத மனிதர். அதே நேரம் விசாரிக்காமல் ஒரு எழுத்தும் எழுதமாட்டார். அய்யா போய்க் கேட்டதும் அவர் கொஞ்சம் திகைத்தாராம். பிறகு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. ஆனா குடுக்கக் கூடாதுன்னும் ஜி.ஓ. ஒண்ணும் வரலை" என்று சொல்லி, மறுநாள் நேரில் விசாரணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

வந்தேவிட்டார், தலையாரியையும் கூட்டிக்கொண்டு. கடைசிப் பறிப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்த களத்தில் நாற்காலி போட்டோம். ஊரில் பாதி கூடிவிட்டது. எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"கம்ப்யூட்டர் எங்கன இருக்கு?"

"முதுகுளத்தூர்லங்க" என்றார் அய்யா.

"சொந்தமா, அனுபோகமா?"

அய்யா நன்றாக யோசித்தார். "அனுபோகம்ங்க. ஒரு நாளைக்கு நாலு நிமிஷம்."

எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு உங்களுக்கு நேரடியாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்ன? விடிஞ்சதுல இருந்து அடையிற வரைக்கும் ஒரு அட்டையை மடியில வச்சுத் தட்டிக்கிட்டே கிடக்கு. வீட்டுல ஒரு துரும்பை எடுத்து அங்கிட்டுப் போடுறதில்லை. அப்ப அதுக்கு என்னமோ தெரியத்தான செய்யணும்?"

இதைச் சாட்சியம் என்று எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, பட்டா விசாரணைக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வாயால், "இதுல வேற யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"எனக்கு உண்டு" என்று கூட்டத்துக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

விஏஓ பேனாவை மூடிவிட்டார். ஆட்சேபணை இருந்தால் தான் கையெழுத்துப் போட முடியாது, ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும், அவர் தாசில்தாருக்கு அனுப்புவார், இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார். விண்ணப்பத்துக்கு இருந்ததோ இரண்டே நாள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா தெரியாதா என்று முதுகுளத்தூர் தாலுகா ஆபீசில் வழக்கு நடக்கும் நிலைமை. அய்யா கையைப் பிசைந்தார். "அக்கா, என்னக்கா இது?" என்றார்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவ எம் மகனுக்குச் சோறு பொங்குவாளா? அதான் ஆட்சேபணை. எழுதிக்கங்க."

அத்தையைக் கொண்டுவந்து விட வந்த மச்சான் டிராக்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் மெதுவாகக் களத்துக்குள் வந்தான். "சார், எங்கன கையெழுத்துப் போடணும்? எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றான்.

"ஏலே, கூறுகெட்டவனே!" என்று அத்தை பாய்ந்தாள்.

"சும்மா இருத்தா. அவ படிக்கட்டும். அவ வாய்க்கு ஆயுசுக்கும் பதில் சொல்லிக்கிட்டு என்னால டிராக்டர் ஓட்ட முடியாது."

ஊரே சிரித்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா செருப்பைக் கழற்றுவதா என்று தெரியவில்லை. நான் அவனை வேண்டாம் என்று சொல்லலாம், இவன் யார் என்னை வேண்டாம் என்று சொல்ல? அந்த ஆத்திரம் அடங்க எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. அவன் பாட்டுக்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டு டிராக்டரைக் கிளப்பினான். மகனே எதிர்த் தரப்புக்குச் சாட்சியான பிறகு விஏஓ, சம்பந்தப்பட்டவருக்கே ஆட்சேபணை இல்லை என்று முடிவு செய்துவிட்டார். அத்தை விடவில்லை. "அவனைக் கேட்டா நான் அவனைப் பெத்தேன்? சீட்டுக் கிடைக்கலேன்னா ஆவணிதான். அதை மறந்துறாதீக" என்று அய்யாவிடம் சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

அந்தச் சான்றிதழின் வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம். 'மேற்படியார் மகள் கணினி அறிந்தவர் என்றும், கணினி அனுபோகத்தில் உள்ளது என்றும், இதில் வேறு எவருக்கும் ஆட்சேபணை இல்லை என்றும் என் நேரடி விசாரணையில் தெரியவருகிறது. இச்சான்று கல்லூரியில் சேரும் பொருட்டு மட்டும் வழங்கப்படுகிறது.' கீழே கையெழுத்தும் வட்ட முத்திரையும். அய்யா அதை ரேஷன் கார்டு வைக்கும் மஞ்சள் பையில் வைத்தார்.

விண்ணப்பம் போனது. ஜூன் மாசம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கார்டு வந்தது. கூத்தைக் கேளுங்கள், அன்றைக்குக் காலையில் முதுகுளத்தூரில் பஸ் மாறும்போது கம்ப்யூட்டர் சார் மாடியிலிருந்து ஓடிவந்து மதுரைச் சர்டிபிகேட்டையும் கையில் கொடுத்தார். தங்க நிறக் கரை போட்டிருந்தது. தொண்ணூற்றிரண்டு சதவீதம். எட்டுப் பேருக்கும் தொண்ணூற்றிரண்டாம். முதல் வாரத்தோடு நின்றுபோன ஒருத்திக்கும் அதே தொண்ணூற்றிரண்டு.

காலேஜ் வராந்தாவில் போய்ப் பார்த்தால், அங்கே இருந்த அத்தனை பேர் கையிலும் தங்கக் கரை. கடலாடி சென்டர், பெரியபட்டினம் சென்டர், பரமக்குடி சென்டர். எல்லாரும் அதை மடங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மற்றவர்களுடையதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னுரிமை என்றால் யாருக்குப் பின்னுரிமை? அய்யா மட்டும் கலங்கவில்லை. ஒவ்வொருவர் கையையும் பார்த்துவிட்டு வந்து என் காதில், "ஒருத்தன்கிட்டயும் விஏஓ சீல் இல்லை தாயி" என்றார்.

என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் முதல்வர், பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள். தங்கக் கரைக் காகிதத்தை நீட்டினேன். முதல்வர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஓரத்தில் குவிந்துகிடந்த தங்கக் கரைகளின் மேல் வைத்துவிட்டு, "இதெல்லாம் இங்க கணக்கே இல்லம்மா. மார்க்கு மட்டும்தான்" என்றார். இரண்டு மாசம் அட்டையைத் தட்டியது கண்முன்னால் வந்தது.

"இன்னொண்ணு இருக்குங்க" என்று அய்யா மஞ்சள் பைக்குள் கையை விட்டார். நான் அவர் இடுப்பில் கிள்ளினேன். அவர் எடுத்துக் கொடுத்தேவிட்டார்.

முதல்வர் படித்தார். மறுபடியும் படித்தார். 'அனுபோகத்தில் உள்ளது' என்ற இடத்தில் அவர் உதடு துடித்தது. 'வேறு எவருக்கும் ஆட்சேபணை இல்லை' என்ற இடத்தில் வெடித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அய்யாவும், பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்களே என்று கூடவே கொஞ்சம் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எதுக்கு சார் சிரிக்கிறீங்க? அந்தத் தங்கக் கலர் பேப்பர்தான் பொய்யி. வராதவளுக்கும் தொண்ணூத்திரண்டு போட்டிருக்கான். இந்தப் பேப்பர்ல இருக்கது ஒவ்வொண்ணும் நிஜம். வேணும்னா வந்து விசாரிச்சுப் பாருங்க" என்றேன். குரல் வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். மச்சான் சொன்ன வாய் அதுதான்.

அய்யா என்னை அடக்கிவிட்டு, "சின்னப் புள்ளைங்க, விடுங்க" என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "இவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு ஊரே கையெழுத்துப் போட்டிருக்குங்க. சீட்டு இல்லேன்னா ஆவணியில கட்டிக் குடுத்துருவாக. நான் பேசி நிறுத்திப் பாத்தேன், முடியலை. அதான் இதை வாங்கியாந்தேன்."

சிரிப்பு நின்றது. முதல்வர் அந்தக் காகிதத்தைக் கசங்காமல் மடித்து அய்யா கையிலேயே கொடுத்தார். "மன்னிச்சுக்கங்க ஐயா. ஆனா உங்களுக்காக நான் ஒண்ணும் செய்ய முடியாது, வரிசைப்படிதான். உங்க மக காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆள். இன்னிக்குக் கூப்பிட்ட ஆளுல ஒருத்தர் வராமப் போனா அது உங்களுக்கு. நாலு மணி வரைக்கும் இருங்க" என்றார்.

இருந்தோம். ஒரு எழுத்தர் அடிக்கொரு தரம் வெளியே வந்து, இன்னும் வராதவர்கள் பெயரை உரக்கக் கூப்பிடுவார். பன்னிரண்டு மணிக்கு ஐந்து பேர் வரவில்லை. ஒரு மணிக்கு மூன்று. இரண்டு மணிக்கு ஒன்றே ஒன்று. ஒரு பெண்ணின் பெயர், பின்னால் ராமேஸ்வரம். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் பெயருக்கு அடுத்தபடி எனக்கு மறக்காத பெயர் அது. வந்துவிடாதே தாயி, வந்துவிடாதே என்று நான் குலசாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். பாம்பன் பாலத்தில் அவள் பஸ் நின்றுபோகட்டும் என்று வேண்டினேன். யாருக்கும் அடிபடாமல் என்று பிறகு சேர்த்துக்கொண்டேன்.

அய்யா எழுந்தார். "ராமேஸ்வரம் பஸ் எங்கன நிக்கும்னு கேட்டு, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன். வழி தெரியாம நிக்கோ என்னமோ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவ வந்தா எனக்குச் சீட்டு இல்லை!"

"தெரியும் தாயி. அதுக்காக? அந்தப் புள்ளைக்கும் வீட்டுல ஒரு ஆவணி இருக்கும்ல."

போய்விட்டார். இரண்டு பஸ் வரும் வரை நின்று, இறங்கிய பெண்பிள்ளைகளிடமெல்லாம் பெயரைக் கேட்டிருக்கிறார். ஒருத்தியின் அண்ணன் அடிக்க வந்திருக்கிறான். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, கேட் வாசலில் நின்றும் அந்தப் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். நாலு மணிக்கு எழுத்தர் மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. அதற்கு அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்.

அத்தைக்கு அந்த ஆவணி தள்ளுபடி ஆனது. இரண்டு மாசம் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியை அவள் திறக்கவில்லை. ஊரிலோ கதை வேறு மாதிரி பரவிவிட்டது. விஏஓ பேப்பரைக் கண்டதும் பிரின்ஸ்பால் எழுந்து நின்று சீட்டுக் கொடுத்தாராம். அடுத்த வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டர் சர்டிபிகேட் கேட்டு அந்த மனிதரை மொய்த்தார்கள். ஆட்சேபணை உள்ள அத்தைகளையும் கையோடு கூட்டி வந்தார்களாம். அவர் தாங்கமாட்டாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது முதல் வருஷப் பிள்ளைகள் லேபுக்கு வந்தார்கள். வருகைப் பதிவை வாசித்த மேடம் ஒரு பெயரைக் கூப்பிட்டதும் என் கை கீபோர்டில் நின்றுவிட்டது. மூலையில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்து "உள்ளேன் மேடம்" என்றாள். கழுத்தில் சின்னச் சிலுவை. இரண்டு நாள் அவளைத் தவிர்த்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, எண்டரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். காட்டிக் கொடுத்தேன். பேச்சு வளர்ந்தது. போன வருஷமே சேர்ந்திருக்க வேண்டியவளாமே என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"ஆமாக்கா. கார்டு வந்துச்சு. எங்க சென்டர் சாரு, சர்டிபிகேட் இல்லாமப் போனா வெளிய அனுப்பிருவாங்க, அசிங்கமாயிரும்னுட்டாரு. சர்டிபிகேட்டு மதுரையில இருந்து வரலை. அப்பா கடலுக்குப் போயிருந்தாரு. அம்மா, சர்டிபிகேட்டு வந்த பெறகு போகலாம், அது இல்லாம எப்படிப் போவேன்னுச்சு. காத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வருஷம் அம்மாகூட கருவாடு காயப்போட்டேன். இந்த வருஷம் எங்க கோயில் ஃபாதர்தான், அதெல்லாம் ஒண்ணும் வேணாம், மார்க்கு போதும், போன்னு துரத்திவிட்டாரு."

"சர்டிபிகேட் வந்துச்சா?"

"போன மாசந்தான்க்கா வந்துச்சு. தொண்ணூத்திரண்டு." எண்டரை ஒரு தரம் தட்டிவிட்டுக் கேட்டாள். "அன்னிக்கு எம் பேரைக் கூப்பிட்டிருப்பாங்களாக்கா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும், நன்றாகவே தெரியும். அன்றைக்கு வரவில்லை. "கூப்பிட்டாங்க. மூணு தரம். எங்கய்யா கேட் வாசல்ல நின்னு கூப்பிட்டாரு. உன்னைத் தேடி பஸ் நிக்கிற இடத்துக்கும் வந்தாரு" என்றேன். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அப்ப நல்லாப் படிச்சீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் வருஷத்தில் ஒரு பேப்பரில் நான் அரியர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் பேப்பரில்தான். எழுதிக்கொள்ளலாம், என்ன அவசரம் என்று திரிந்துகொண்டிருந்தேன். அந்த நவம்பரில் உட்கார்ந்து படித்து எழுதினேன். அறுபத்து மூன்று. வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால், லேபுக்குப் போய் அவளிடம் சொன்னேன்.